அந்த நம்பர் சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?

போன வருஷம், அஞ்சாவது செமஸ்டர் பிராக்டிகல் எக்ஸாம். எக்ஸ்டர்னலாக வந்திருந்த மேடம் என் ரெக்கார்டைப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினார். எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான். அந்த எக்ஸ்பெரிமென்ட்டைத்தான் நான் ரொம்ப அழகாக எழுதியிருந்தேன். கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டிய ரெண்டு ஸ்க்ரீன்ஷாட், ஸ்கேல் வச்சுப் போட்ட டேபிள், கீழே கட்டம் கட்டி ரிசல்ட்.

விஷயம் இதுதான். எத்தனால், டைமெத்தில் ஈத்தர் ரெண்டுக்கும் ஒரே ஃபார்முலா. அணுக்கள் சேர்ந்திருக்கிற விதம் மட்டும் வேற. இதில் எது அதிக ஸ்திரமானது? லேபில் அவோகாட்ரோ என்ற சாஃப்ட்வேரில் ரெண்டு மூலக்கூறையும் வரைந்து, ஆப்டிமைஸ் பட்டனை அமுக்கி, வந்த ரெண்டு ஆற்றல் எண்களையும் டேபிளில் எழுதி, எது குறைவோ அதுதான் ஸ்திரம் என்று கட்டத்துக்குள் போட்டிருந்தேன். எங்க எல்லார் ரெக்கார்டிலும் அப்படித்தான் இருந்தது. எங்க சீனியர் ரெக்கார்டிலும் அப்படித்தான்.

மேடம் கேட்டாங்க: "ஏம்பா, இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடலாமா?"

"கம்ப்யூட்டர்ல வந்தது மேடம்."

"வந்தது சரி. அந்த நம்பர் சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை. தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு! மேடம் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டாங்க. மார்க் நல்லாவே வந்தது. ரெக்கார்டுக்கான மார்க் முழுசா வந்தது. திட்டியிருந்தால் அன்னைக்கே மறந்திருப்பேன். முழு மார்க் வந்ததுதான் இன்னும் உறுத்துது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பத்தித்தான். கெமிஸ்ட்ரி படிக்கிற இளங்கலை மாணவர்களுக்கும், நம்மை மாதிரி அதைத் தொட்டுக்கொண்டு போகிற இன்ஜினியரிங் மாணவர்களுக்கும் கம்ப்யூட்டரில் மூலக்கூறு வடிவமைப்பைச் சொல்லித்தர வேண்டும், கண்டிப்பாக வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் இப்போ பல இடங்களில் சொல்லித்தரப்படுவது சாஃப்ட்வேரின் மெனு. எந்த விடையை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பார்க்கத் தெரிவதுதான் பாடம். அது சிலபஸிலும் இல்லை, ரெக்கார்டிலும் இல்லை.

நான் பண்ணின தப்பு என்ன?

வைவா முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் எனக்கே புரிந்தது. நான் பயன்படுத்தினது ஃபோர்ஸ் ஃபீல்ட் என்ற முறை. அதில் எலெக்ட்ரானே கிடையாது. அணு ஒரு குண்டு, பிணைப்பு ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் இயல்பான ஒரு நீளம் உண்டு. அதிலிருந்து எவ்வளவு இழுபட்டிருக்கு, எவ்வளவு நசுங்கியிருக்கு, கோணம் எவ்வளவு திரும்பியிருக்கு என்று கூட்டிச் சொல்கிற எண்ணைத்தான் நான் ஆற்றல் என்று எழுதி வைத்தேன்.

எத்தனாலில் ஒரு கார்பன்-கார்பன் ஸ்பிரிங், ஒரு கார்பன்-ஆக்ஸிஜன், ஒரு ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் இருக்கு. ஈத்தரில் ரெண்டு கார்பன்-ஆக்ஸிஜன். ஸ்பிரிங்குகளே வேற, ஒவ்வொன்றின் பூஜ்யமும் வேற. இந்த ரெண்டு எண்ணையும் ஒப்பிடுவது, ஒருத்தன் மொட்டை மாடியிலயும் இன்னொருத்தன் வாசல்லயும் நின்னுகிட்டு, அவனவன் கால் கீழே இருந்து உயரம் அளந்துட்டு, "யார் தலை வானத்துக்குப் பக்கத்துல இருக்கு?"ன்னு கேக்கிற மாதிரி.

அப்போ உண்மையான விடை? வாயு நிலையில் எத்தனால் உருவாகும் வெப்பம் மைனஸ் 235 கிலோ ஜூல்/மோல், டைமெத்தில் ஈத்தருக்கு மைனஸ் 184. அதாவது எத்தனால் சுமார் 51 கிலோ ஜூல் கீழே இருக்கு. இது சோதனையில் அளந்த எண். எந்த டேட்டா புக்கிலும் கிடைக்கும். நான் அதை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. டேபிளில் அதுக்கு ஒரு காலமே இல்லை.

அந்த ஒரு காலம் இருந்திருந்தால் போதும் என்பதுதான் என் வாதம்.

நம்ம ஊரிலேயே இருக்கும் உதாரணம்

இந்தத் துறை ஏதோ வெளிநாட்டு ஆடம்பரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லணும். 1998-ல் வால்டர் கோனும் ஜான் போப்லும், 2013-ல் மார்ட்டின் கார்ப்ளஸ், மைக்கேல் லெவிட், ஏரியே வார்ஷல் மூணு பேரும் கெமிஸ்ட்ரி நோபல் வாங்கினது கம்ப்யூட்டர் கணக்குகளுக்காகத்தான். அது எல்லாருக்கும் தெரியும், பிளேஸ்மென்ட் ஜிகேயில் வரும். ஆனால் 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூணு பேரும் சேர்ந்து என்ன செய்தாங்க என்று நம்ம வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்?

புரதச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் முக்கியமாகத் திரும்பக்கூடிய பிணைப்பு ரெண்டு. அந்த ரெண்டு கோணத்துக்கும் ஒவ்வொரு ஜோடி மதிப்பாக எடுத்து, எந்தத் திருப்பத்தில் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், எதில் முட்டாது என்று கணக்குப் போட்டார்கள். முட்டாத இடங்களை ஒரு வரைபடத்தில் குறித்தார்கள். நம்ம கையில் இருக்கிற போனில் உள்ள கணிப்புத் திறனில் ஒரு துளிகூட அன்றைக்கு இல்லை. அணுவைக் கெட்டியான பந்து என்று வைத்துக்கொண்ட எளிமையான மாடல்தான். ஆனால் அந்த மாடல் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேற. உலகத்தில் எங்கே ஒருவர் புதுசாக ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும், "இது நம்பும்படி இருக்கா?" என்று சோதிக்க இன்றைக்கும் ராமச்சந்திரன் வரைபடத்தைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். மேடம் என்னைக் கேட்ட அதே கேள்விக்கு, அறுபது வருஷத்துக்கு முன்னாடியே சென்னையில் ஒரு கருவி செய்து வைத்திருக்கிறார்கள். நாம் அதே ஊர்க்காரர்கள், ஸ்க்ரீன்ஷாட் ஒட்டிக்கொண்டு இருக்கிறோம்.

பென்சில் முதலில், மவுஸ் பிறகு

இந்த செமஸ்டர் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் சார் ஒருவரிடம் அனுமதி வாங்கி, ஃபர்ஸ்ட் இயர் ஜூனியர்ஸ் பன்னிரண்டு பேருக்கு நாலு சனிக்கிழமை மதியம் ஒரு சின்ன வகுப்பு எடுத்தேன். எனக்கு எல்லாம் தெரிஞ்சதால இல்லை. நான் மாட்டின இடத்தில் அவங்க மாட்டக்கூடாதுன்னுதான். ஒரே ஒரு விதி வச்சோம்: என்ன விடை வரும் என்று பென்சிலில் எழுதாமல் யாரும் மவுஸைத் தொடக்கூடாது. எழுதின பிறகு அழிக்கவும் கூடாது.

முதல் கணக்கு, ஹைட்ரஜன் சல்ஃபைடின் பிணைப்புக் கோணம். தண்ணீரின் கோணம் 104.5 டிகிரி என்று எல்லாருக்கும் மனப்பாடம். சல்ஃபர் ஆக்ஸிஜனுக்கு நேர் கீழே இருக்கு, அதே குடும்பம், அதே தனி ஜோடி எலெக்ட்ரான்கள். பத்து பேர் 104-ஐ ஒட்டி எழுதினாங்க. ஒருத்தர் 109.5. இன்னொருத்தர் தைரியமாக 120.

அப்புறம் ஓர்கா என்ற புரோகிராமில் குவாண்டம் முறையில் கணக்கை ஓட்டினோம். 92-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. "அண்ணா, எங்கயோ தப்பா வரைஞ்சுட்டோம்." திரும்ப வரைந்தாங்க. திரும்பவும் அதே. பிறகு டேட்டா புக்கைத் திறந்தோம்: சோதனை மதிப்பு 92.1.

அந்த நிமிஷம் லேபில் இருந்த அமைதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. பிளஸ் டூவில் எஸ்பி3 என்று சொல்லிக்கொடுத்தது ஏன் தண்ணீருக்கு ஓரளவு பொருந்துது, அதுக்குக் கீழே இருக்கிறவனுக்குப் பொருந்தலை? இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. அவங்களே கேட்டாங்க. சும்மா பட்டனை அமுக்கி 92 என்று எழுதியிருந்தால் அது இன்னொரு எண். முதலில் 104 என்று பென்சிலில் எழுதி வைத்ததால்தான் அது ஆச்சரியம் ஆனது. தப்பாக எழுதினவங்கதான் அன்னைக்கு அதிகம் கத்துக்கிட்டாங்க.

"சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சா அண்ணா?"

ரெண்டாவது வாரம் சைக்ளோஹெக்சேன். ஆளுக்கு ஒரு அறுகோணம் வரைந்து, ஆப்டிமைஸ் கொடுத்தாங்க. சேலம் பக்கத்தில் இருந்து வந்த ஒரு தம்பி கையைத் தூக்கினான். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், வகுப்பில் வாயே திறக்காத ஆள்.

"அண்ணா, எனக்கும் பக்கத்துல இவனுக்கும் வேற வேற நம்பர் வருது. சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சா?"

போய்ப் பார்த்தேன். பக்கத்துப் பையனுக்கு நாற்காலி வடிவம். இவனுக்கு முறுக்கின படகு வடிவம். ரெண்டுக்கும் இடையே இருபத்து மூணு, நாலு கிலோ ஜூல் வித்தியாசம். சோதனைக் கணக்கும் சுமார் 23-தான் சொல்கிறது. (இங்கே ஃபோர்ஸ் ஃபீல்ட் எண்களை ஒப்பிடலாம். ஒரே மூலக்கூறு, அதே ஸ்பிரிங்குகள், வடிவம் மட்டும் வேற. என் ரெக்கார்டில் நடந்தது அது இல்லை.)

நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். லோக்கல் மினிமம், குளோபல் மினிமம், பொட்டென்ஷியல் எனர்ஜி சர்ஃபேஸ்... அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் எனக்கு நல்லாத் தெரியும். நானும் மூணு வருஷம் அதைத்தான் ஆட்டினேன். நான் எல்கேஜியில் இருந்து இங்கிலீஷ் மீடியம். அந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கு வாயில் வரும். அதனாலேயே எனக்குப் புரிந்துவிட்டது என்று எல்லாரும் நினைச்சாங்க, என்னையும் சேர்த்து. அவனுக்கு வார்த்தை வராததால், புரியலைன்னு அவனுக்கே தெரிஞ்சுது. யார் நிலைமை மேல்?

நிறுத்திட்டு, தமிழில் யோசித்தேன். "ஏற்காடு போயிருக்கியா? மலையில மூடுபனி. ரெண்டடிக்கு மேல எதுவும் தெரியல. இறக்கம் எந்தப் பக்கம்னு கால்ல மட்டும் தெரியுது. இறங்கிட்டே போற. எங்க போய் நிப்ப?"

"ஏதாவது ஒரு பள்ளத்துல."

"அதுதான் மலையிலயே ஆழமான பள்ளமா?"

"எப்படித் தெரியும்? முதல்ல வர்ற பள்ளத்துல நின்னுடுவேன்." கொஞ்சம் யோசித்தான். "அப்போ அண்ணா, நாலஞ்சு பேர் வேற வேற இடத்துல இருந்து இறங்கினா? யார் ரொம்பக் கீழ போய்ச் சேர்றாங்கன்னு பார்க்கலாமே?"

ஆராய்ச்சி செய்கிறவர்கள் நிஜமாகவே செய்வது இதுதான். ஒரு மூலக்கூறைப் பல வடிவங்களில் இருந்து தொடங்கவிட்டு, எல்லாவற்றையும் ஆப்டிமைஸ் செய்து, எது ஆழமான பள்ளம் என்று தேடுவது. ஒரு பெயரும் தெரியாமல், ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் அதை அவனாகவே கண்டுபிடித்தான். சாஃப்ட்வேர் கெட்டுப்போகவில்லை, நீ நின்ன பள்ளம் வேற என்பது புரிந்த பிறகு மற்றவர்களுக்கும் அவனே போய் விளக்கினான்.

கலைச்சொல்லைத் தமிழில் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. லோக்கல் மினிமம் என்ற வார்த்தை அப்படியே இருக்கட்டும், பேப்பர் படிக்க வேணும். அதுக்கு முன்னாடி அந்தப் பள்ளத்தில் ஒருதடவை அவன் காலை வைக்கணும். அதை எந்த மொழியில் அவன் யோசிக்கிறானோ அந்த மொழியில்தான் செய்ய முடியும்.

எண்ணை வெளியுலகத்தோடு கட்டுவது

மூணாவது வாரம் பியூட்டேன். நடுவில் இருக்கிற பிணைப்பை முப்பது முப்பது டிகிரியாகத் திருப்பி, ஒவ்வொரு இடத்திலும் ஆற்றலை எழுதி, கிராஃப் ஷீட்டில் கையால் வரைந்தோம். ரெண்டு முனையும் எதிரெதிராக இருக்கும் ஆன்ட்டி நிலைதான் ரொம்பக் கீழே. காஷ் நிலை அதைவிடச் சுமார் 3.8 கிலோ ஜூல்/மோல் மேலே.

இங்கே பெரும்பாலான லேப் மேனுவல் நிறுத்திவிடும். 3.8 என்று கட்டம் கட்டி முடித்துவிடலாம். ஆனால் 3.8 பெருசா சின்னதா? எதோடு ஒப்பிட்டு? அறை வெப்பநிலையில் ஆர்டி-யின் மதிப்பு சுமார் 2.5 கிலோ ஜூல். அதை வச்சு போல்ட்ஸ்மேன் கணக்கை சாதாரண கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தோம். காஷ் நிலை ரெண்டு விதமாக வரும் என்பதையும் சேர்த்தால், நூறு பியூட்டேனில் சுமார் எழுபது ஆன்ட்டி, முப்பது காஷ். சிலிண்டர் கேஸில் கூடத்தான் பியூட்டேன் இருக்கு. "அப்போ எங்க வீட்டு சிலிண்டர்ல முப்பது சதவீதம் வளைஞ்சுதான் இருக்கா?" என்று ஒரு பொண்ணு கேட்டாள். வெப்பநிலையைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், மற்றபடி ஆமாம். இதுதான் அந்த எண் உலகத்துக்குள் வருகிற இடம்.

இன்னொரு கணக்கும் போட்டோம், இது நம்ம கெமிக்கல் இன்ஜினியரிங் ஆட்களுக்கு. அறை வெப்பநிலையில் ஆற்றலில் 5.7 கிலோ ஜூல் தப்பு வந்தால், சமநிலை மாறிலியோ வேகமோ பத்து மடங்கு தப்பாகும். முதல் படி வினைக்கு, கலக்கிக்கொண்டே இருக்கிற ஒரு ரியாக்டரை அந்த எண்ணை நம்பி டிசைன் செய்தால், அதன் கொள்ளளவு பத்து மடங்கு தப்பும். என் ரெக்கார்டில் தசம புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் எழுதியிருந்தேன். எதுக்குன்னு இப்போ நினைச்சா சிரிப்பு வருது.

கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுவதையும் சிலபஸில் வைக்கணும்

நாலாவது வாரம் வேணும்னே ஒரு பொறி வைத்தேன். கார்பன் மோனாக்சைடின் டைபோல் மொமென்ட். எந்த முனை நெகட்டிவ்? எல்லாரும் ஆக்ஸிஜன் என்று எழுதினாங்க, எலெக்ட்ரோநெகட்டிவிட்டி அதுக்குத்தானே அதிகம். உண்மையில் கார்பன் முனைதான் லேசாக நெகட்டிவ். அளவு ரொம்பச் சின்னது, சுமார் 0.11 டிபை. ஆனால் திசை அதுதான்.

இப்போ ஹார்ட்ரீ-ஃபாக் முறையில், எஸ்டிஓ-3ஜி என்ற மிகச் சின்ன பேசிஸ் செட்டில் ஓட்டினால் திசை சரியாக வரும். எல்லாருக்கும் குஷி. சரி, இன்னும் நல்ல, பெரிய பேசிஸ் செட் கொடுப்போம், விடை இன்னும் சரியாகும் இல்லையா? கொடுத்தோம். திசை தலைகீழாகிவிட்டது. இன்னும் பெருசாக்கினாலும் அப்படியே தப்பாகவே நிற்கிறது. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலகி நகர்வதை அந்த முறை சரியாகக் கணக்கில் எடுக்காததுதான் காரணம். அதைச் சேர்க்கிற முறைக்குப் போன பிறகுதான் திசை திரும்பச் சரியானது.

அதாவது, முதலில் வந்த சரியான விடை, ரெண்டு தப்பு ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் வந்த சரியான விடை. பரீட்சையில் ஸ்டெப்ஸ் தப்பாப் போட்டு ஆன்சர் மட்டும் கரெக்டா வர்ற மாதிரி. பெரிய கணக்கு, அதிக நேரம், விலையுயர்ந்த மெஷின் என்பதெல்லாம் தானாக உண்மையைக் கொண்டுவராது என்று நான் பத்து ஸ்லைடு போட்டுச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு பதிந்திருக்காது.

"ஆனால்..." என்பவர்களுக்கு

இதைப் பேசும்போது வழக்கமாக வரும் எதிர்ப்புகள் நாலு. எல்லாமே நியாயமானவைதான்.

முதலாவது, காசு. அவோகாட்ரோ இலவசம், மூல நிரலும் திறந்தது. ஓர்கா கல்வி உபயோகத்துக்கு இலவசம், பதிவு செய்தால் போதும். பைஎஸ்சிஎஃப் என்பது பைத்தானிலேயே ஓடும், அதுவும் இலவசம். ஐஐடி பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியலில் அவோகாட்ரோவுக்கே தனிப் பாட வரிசை இருக்கு. மூலக்கூறு சின்னதாக இருக்கும்வரை நம்ம லேப் சிஸ்டமே தாங்கும். ஹார்ட்ரீ-ஃபாக்கில் மூலக்கூறை ரெண்டு மடங்காக்கினால் ஏட்டுக் கணக்குப்படி நேரம் பதினாறு மடங்காகும். அதனால பியூட்டேனோடு நிறுத்திக்கொள்வதில் ஒரு குறைச்சலும் இல்லை. பெரிய புரதத்தைக் கலர் கலராகச் சுத்திக் காட்டுவதைவிட, நாலு கார்பனை ஒழுங்காகப் புரிந்துகொள்வது மேல்.

ரெண்டாவது, "குவாண்டம் மெக்கானிக்ஸ் தெரியாத பசங்களுக்கு இது எதுக்கு?" ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் தீர்க்கச் சொல்லவில்லையே. மூணு கேள்வி போதும். என்ன மாடல் பயன்படுத்துறேன், அதில் எதை விட்டுட்டேன்? எங்கே இருந்து ஆரம்பிச்சேன்? வந்த விடையை எதோடு ஒப்பிடப் போறேன்? இதை ஃபர்ஸ்ட் இயரில் கேட்கப் பழகினவங்களுக்கு, தேர்ட் இயரில் சமன்பாடு வரும்போது அது எதுக்கு வருதுன்னாவது தெரிஞ்சிருக்கும்.

மூணாவது, "எல்லாத்தையும் இனிமே ஏஐ பார்த்துக்கும்." 2024 கெமிஸ்ட்ரி நோபலில் ஒரு பாதி ஆல்ஃபாஃபோல்டுக்காகத்தான் டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போனது. சரிதான். ஆனால் அந்த ஆல்ஃபாஃபோல்டே ஒரு புரத அமைப்பைக் கொடுக்கும்போது, ஒவ்வொரு கண்ணியையும் எவ்வளவு நம்பலாம் என்று நூற்றுக்கு ஒரு மார்க் சேர்த்துத்தான் கொடுக்கிறது. நோபல் வாங்கின புரோகிராமே "இந்த இடத்துல என்னை ரொம்ப நம்பாதே"ன்னு சொல்லுது. அந்த மார்க்கைப் படிக்கத் தெரியாத இன்ஜினியர்தான் ஆபத்து.

நாலாவது எதிர்ப்பைத்தான் நான் ரொம்ப மதிக்கிறேன். "கம்ப்யூட்டர் வந்தா லேபை மூடிடுவாங்க." கெமிக்கல் வாங்க வேண்டாம், கண்ணாடி உடையாது, அமில விபத்து இல்லை, ஒரு ப்ரொஜெக்டர் போதும் என்று கணக்குப் போடும் ஆட்கள் எங்கேயும் உண்டு. அதுக்கு நானும் எதிரி. நான் இதுவரை சொன்ன ஒவ்வொரு கதையிலும் கடைசியில் தீர்ப்பு சொன்னது அளந்த எண்தான்: 92.1, 51, 0.11. யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு லேபில் கஷ்டப்பட்டு அளந்தது. பைப்பெட் பிடிச்சு, எண்ட் பாயிண்ட்டைத் தாண்டிவிட்டு, மூணு தடவை டைட்ரேஷன் போட்டவனுக்குத்தான் அளவீட்டில் பிழை என்றால் என்னன்னு கையில் தெரியும். அவன்தான் கம்ப்யூட்டர் எண்ணையும் சந்தேகப்படுவான். ரெண்டும் சேர்ந்து இருக்கணும், ஒண்ணுக்குப் பதில் ஒண்ணு கூடாது.

நான் கேட்பது

சிலபஸ் மாறுகிற வரை காத்திருந்தால் நம்ம பேரப்பசங்க படிப்பாங்க. இப்போ இருக்கிற லேப் நேரத்துக்குள்ளேயே, இருக்கிற சிஸ்டத்திலேயே செய்யக்கூடியவை இவை.

ரெக்கார்ட் டேபிளில் ரெண்டு காலம் கூடுதலாகப் போடலாம். கணிப்புக்கு முன் நான் நினைத்த விடை ஒன்று, சோதனை மதிப்பு இன்னொன்று. நடுவில் கம்ப்யூட்டர் விடை. மூணும் ஒத்துப்போகலைன்னா ஏன் என்று நாலு வரி. அந்த நாலு வரிக்குத்தான் மார்க்.

தப்பாக ஊகித்ததற்கு மார்க் குறைக்கக்கூடாது. குறைத்தால் எல்லாரும் விடை வந்த பிறகு பென்சிலை எடுப்பாங்க. நம்மைப் பத்தி நமக்குத் தெரியாதா?

ஒரு எக்ஸ்பெரிமென்ட்டாவது வேணும்னே தப்பான விடை வருவதாக இருக்கணும். கார்பன் மோனாக்சைடு அதுக்குக் கச்சிதமான ஆள்.

கடைசியாக ஒன்று, ஃபைனல் இயர் நண்பர்களிடம். ப்ராஜெக்ட் வேலை, பிளேஸ்மென்ட் எல்லாம் இருக்கும், தெரியும். நாலு சனிக்கிழமை மதியம் போதும். நமக்குப் புரியலைன்னு கண்டுபிடிக்க, ஜூனியர் ஒருத்தனுக்குத் தமிழில் சொல்லிப் பார்ப்பதைவிட நல்ல வழி எனக்குக் கிடைக்கவில்லை.

போன வாரம் அந்த சேலத்துத் தம்பியை மெஸ்ஸில் பார்த்தேன். ஃபிசிக்ஸ் லேப் ரெக்கார்ட் கையில் இருந்தது. டேபிளில் கடைசியாகப் பென்சிலில் ஒரு காலம் அவனாகவே சேர்த்திருந்தான். "சார் கேக்கலையே, எதுக்குடா?" என்றேன்.

"கேட்டா சொல்லணும்ல அண்ணா" என்றான்.

அந்த மேடத்தைத் திரும்பப் பார்த்தால், என் ரெக்கார்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டணும். டேபிளுக்குப் பக்கத்தில் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்: இந்த ரெண்டு நம்பரையும் ஒப்பிடக்கூடாது மேடம், ஏன்னா ஸ்பிரிங்குகளே வேற.